குரல் இருந்த ஊமைப்பட நடிகை: ஹென்னி போர்ட்டன்

ஊமைப்பட காலத்து நடிகைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று விஷயங்களைத் தவறாமல் சொல்வார்கள். கண்ணை உருட்டி, நெஞ்சில் கையை வைத்து மிகையாக நடித்தார்கள் என்பது ஒன்று. படம் சத்தமே இல்லாமல் ஓடியது என்பது இன்னொன்று. பேசும்படம் வந்ததும் குரல் எடுபடாமல் காணாமல் போனார்கள் என்பது மூன்றாவது. எழுதுகிறவர்களும் இதையே எழுதுகிறார்கள், படிக்கிறவர்களும் இதையே நம்புகிறார்கள். ஒரே ஒரு நடிகையின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தாலே இந்த மூன்றும் எவ்வளவு பலவீனமானவை என்று தெரிந்துவிடும்.

நான் எடுத்துக்கொள்வது ஹென்னி போர்ட்டனை. 1890 ஜனவரி 7 அன்று ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில் பிறந்தவர். ஜெர்மன் சினிமாவின் முதல் பெரிய நட்சத்திரம் யார் என்று கேட்டால் இவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். நம்மில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். பரவாயில்லை, ஊமைப்படம் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்கலாம்.

மியூட் செய்த வீடியோ வேறு, ஊமைப்படம் வேறு

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஹெட்போன் போட்டுக்கொண்டு போனில் ஒரு சீரியல் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் படம் தெரிகிறது, சத்தம் இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாயசைக்கிறார்கள். சண்டையா, சமாதானமா, பணம் கேட்கிறார்களா, ஒன்றும் புரியாது. காரணம், அந்தக் காட்சியின் செய்தி முழுவதும் பேச்சில் இருக்கிறது. படம் பேச்சுக்குத் துணைதான்.

ஊமைப்படம் இதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்டது. பேச்சு கேட்காது என்று தெரிந்தே கதையை எழுதினார்கள், விளக்கை வைத்தார்கள், நடித்தார்கள். ஒரு பெண் கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள் என்றால், "கடிதம் வந்ததா?" என்று அவள் கேட்பதைக் காட்ட மாட்டார்கள். படி இறங்கும் காலடியும், தபால்காரன் பையின் மேலேயே நிற்கும் பார்வையும், அவன் தலையசைத்துவிட்டுப் போனபின் தளர்ந்து கீழே வரும் தோளும் போதும்.

நடிகர்கள் வாயை மூடிக்கொண்டு நடிக்கவில்லை. படப்பிடிப்பில் வசனம் பேசினார்கள், இயக்குநரும் கேமரா ஓடும்போதே "இப்போது திரும்பு, மெதுவாக" என்று பேசிக்கொண்டே இருப்பார். சத்தம் பதிவாகாதே! பார்வையாளருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய வார்த்தைகளை மட்டும் எழுத்தாக, காட்சிக்கு நடுவே தனியாகக் காட்டினார்கள். இதற்கு இடைத்தலைப்பு என்று பெயர். இந்தச் சின்ன விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிதாக வரப்போகிறது.

அரங்கமும் அமைதியாக இல்லை. சின்னக் கொட்டகையில் ஒரு பியானோக்காரராவது இருப்பார், பெர்லினின் பெரிய அரங்குகளில் முழு இசைக்குழுவே உட்கார்ந்திருக்கும். படமும் பெரும்பாலும் வெறும் கருப்பு வெள்ளை இல்லை. பிலிமைச் சாயத்தில் முக்கி எடுத்து, இரவுக் காட்சிக்கு நீலம், விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள், தீப்பிடித்தால் சிவப்பு என்று நிறம் ஏற்றினார்கள்.

இதுவரை பார்த்தது: ஊமைப்படத்தில் கேட்க முடியாதது நடிகரின் பேச்சு மட்டுமே. இசை இருந்தது, நிறம் இருந்தது, எழுத்தும் இருந்தது. பேச்சு விட்டுப்போன ஒரு படமாக அதை நினைக்கக் கூடாது. பேச்சு இல்லாமலே நிற்கும்படி செய்த படம் அது.

ஆரம்பமே பாட்டுதான்

ஹென்னியின் அப்பா ஃபிரான்ஸ் போர்ட்டன் ஓபரா பாடகர். பெர்லினில் ஓஸ்கார் மெஸ்டர் என்ற கண்டுபிடிப்பாளர் 1903-இலேயே ஒரு புதுமையை மேடையேற்றியிருந்தார். திரையில் பாடகர் பாடுவார், பக்கத்தில் கிராமபோனில் அந்தப் பாட்டு ஒலிக்கும், இரண்டும் ஒன்றாக ஓடும். இதற்கு டோன்பில்டு என்று பெயர், ஒலிச்சித்திரம் என்று சொல்லலாம். 1906-இல் ஃபிரான்ஸ் போர்ட்டன் தன் மகள்கள் ரோசாவையும் ஹென்னியையும் மெஸ்டரின் ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஹென்னிக்கு அப்போது 16 வயது.

இது எப்படி வேலை செய்தது என்று தமிழ் சினிமா பார்க்கிறவர்களுக்கு நீட்டி விளக்கவே வேண்டாம். பாட்டை முதலில் இசைத்தட்டில் பதிவு செய்துவிடுவார்கள். பாடியது தொழில்முறைப் பாடகர். படப்பிடிப்பில் அந்தத் தட்டை ஓடவிட்டு, நடிகர்கள் அதற்கு வாயசைப்பார்கள். நம் ஊர்ப் பாட்டுக் காட்சிகளை இன்றும் எடுப்பது ஏறக்குறைய இப்படித்தான். அப்புறம் அரங்கில் புரொஜெக்டரையும் கிராமபோனையும் இணைத்து ஓட்டுவார்கள்.

ஆக, "ஊமைப்பட நடிகை" என்று வரலாறு நினைவில் வைத்திருக்கும் பெண், கேமரா முன்னால் முதன்முதலாகச் செய்த வேலை பின்னணிப் பாட்டுக்கு வாயசைத்தது! எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

டோன்பில்டு ஏன் நிலைக்கவில்லை? இரண்டு தடைகள். ஒரு இசைத்தட்டு மூன்று நான்கு நிமிடம்தான் ஓடும், ஆனால் படங்கள் நீண்டுகொண்டே போயின. அடுத்து, ஒலிபெருக்கி அப்போது இல்லை, ஒரு கிராமபோன் குழாயின் சத்தம் பெரிய அரங்கின் கடைசி வரிசைக்குப் போகாது. முதல் உலகப்போருக்கு முன்பே அந்த வழி அடைபட்டுப்போனது. ஊமைப்படம் என்பது ஒலியைத் தெரியாதவர்களின் கலை இல்லை, ஒலியைச் சேர்த்துப் பார்த்து, கைவிட்டு, அது இல்லாமலே முன்னேறிய கலை.

பெயர் தெரியாத பெண்

அந்நாளில் படத்தில் நடிகர் பெயர் போடும் வழக்கம் இல்லை. துணிக்கடை விளம்பரத்தில் வரும் பெண்ணின் பெயரை நாம் கேட்பதில்லையே, அதுபோல. 1910–11 வாக்கில், அக்கா ரோசா எழுதிய கதை ஒன்றில் ஹென்னி பார்வையற்ற பெண்ணாக நடித்தார். படம் நன்றாக ஓடியது. அந்தப் பொன்னிறக் கூந்தல்காரி யார், அவள் நடித்த வேறு படம் உண்டா என்று கொட்டகைகளில் மக்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

நட்சத்திரம் என்ற சொல்லை நாம் சும்மா பயன்படுத்துகிறோம், அதற்கு வணிகத்தில் தெளிவான ஒரு பொருள் உண்டு: கதையைக் கேட்காமல் நடிகரைக் கேட்டு டிக்கெட் வாங்க ஆள் இருந்தால், அந்த நடிகர் நட்சத்திரம். மெஸ்டர் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஹென்னியின் பெயரிலேயே படங்களை வரிசையாக விற்றார். பெரும்பாலானவற்றை இயக்கியவர் கர்ட் ஸ்டார்க். 1912-இல் ஹென்னி அவரையே மணந்தார். 1916-இல் ஸ்டார்க் போரில் இறந்தார். 1917 டிசம்பரில் உஃபா என்ற பெரும் திரைப்பட நிறுவனம் உருவாகி மெஸ்டரின் தொழிலும் அதில் சேர்ந்தபோது, ஹென்னி ஏற்கெனவே நாடறிந்த முகம்.

மேடை நடிப்பும் கேமரா நடிப்பும்

மிகை நடிப்பு என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். "அவர்கள் எல்லாரும் நாடகத்திலிருந்து வந்தவர்கள், அதனால்தான் கத்துகிற மாதிரி நடித்தார்கள்" என்று இதற்குக் காரணமும் சொல்வார்கள்.

ஹென்னி பெரிய நாடக மேடை எதிலும் பழகி வந்தவர் இல்லை. ஜெர்மன் நாடக உலகமோ அப்போது சினிமாவைத் தள்ளியே வைத்திருந்தது. 1912-இல் பெர்லின் நாடக அரங்க நிர்வாகிகள் தங்கள் நடிகர்கள் படத்தில் நடிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். அடுத்த வருடமே ஆல்பர்ட் பாஸர்மன் என்ற மாபெரும் மேடை நடிகர் படத்தில் நடித்துவிட்டார், தடை உடைந்தது. அதற்கப்புறம் பகலில் ஸ்டுடியோ, இரவில் மேடை என்று ஓடியவர்கள் ஏராளம்.

மேடைக்கும் கேமராவுக்கும் உள்ள வித்தியாசம் தூரம்தான். வாசலில் நின்று தெருமுனையில் போகிற ஆளைக் கூப்பிட வேண்டுமானால் கையை முழுசாக வீச வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிடப் புருவத்தைத் தூக்கினால் போதும். ஆயிரம் பேர் உட்காரும் அரங்கின் கடைசி வரிசை தெருமுனை மாதிரி, அருகில் வந்த கேமரா எதிர் நாற்காலி மாதிரி. ஆரம்ப காலத்தில் கேமராவும் தள்ளியே நின்றது, நடிகரின் உடல் முழுவதும் படச் சட்டத்துக்குள் தெரியும். அப்போது பெரிய அசைவு தேவைப்பட்டது. கேமரா நெருங்க நெருங்க அசைவு சுருங்கியது. ஒரே நடிகையின் 1911 படத்தையும் 1921 படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த மாற்றம் கண்ணில் படும்.

மேடை நடிப்பு என்றாலே உரத்த நடிப்பு என்பதும் சரியில்லை. மாக்ஸ் ரைன்ஹார்ட் 1906-இல் பெர்லினில் காமர்ஷ்பீலெ என்ற சின்ன நாடக அரங்கைத் திறந்தார். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோல், நடிகர் மூச்சு விடுவதுகூடத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். பின்னால் சில பாத்திரங்களும் ஓரிரண்டு அறைகளும் மட்டுமே கொண்ட அமைதியான படங்கள் வந்தபோது, அவற்றுக்கும் அந்தப் பெயரையே ஒட்டிக் காமர்ஷ்பீல் படம் என்றார்கள்.

சரி, பிறகு ஏன் நமக்கு அந்தப் படங்கள் விசித்திரமாகத் தெரிகின்றன? இரண்டு தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு, நடிகர்கள் மேல் அநியாயமாகப் பழி விழுவது இவற்றால்தான்.

முதலாவது வேகம். சினிமா என்பது வரிசையாக எடுத்த நிழற்படங்கள், ஒவ்வொன்றையும் ஃபிரேம் என்கிறோம். ஊமைப்படக் கேமராவைக் கையால் சுற்றினார்கள், வினாடிக்குச் சுமார் 16-இலிருந்து 20-க்கு மேலும் ஃபிரேம்கள் பதிவாகும். பேசும்படம் வந்தபின் வேகம் வினாடிக்கு 24 என்று நிலைத்துவிட்டது. 16-இல் எடுத்ததை 24-இல் ஓட்டினால் ஒரு நிமிட நடை 40 வினாடியில் முடிந்துவிடும். மெல்ல முகத்தைத் திருப்பிய பெண் வெடுக்கென்று திருப்புவாள். வாட்ஸ்ஆப் குரல் செய்தியை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இதுவும், கணக்குகூட அதேதான். வேகத்தைச் சரிசெய்து ஓட்டினால் அதே காட்சி மனிதர்களின் காட்சியாகிவிடுகிறது.

இரண்டாவது பிலிம். பழைய கருப்பு வெள்ளைக் கல்யாண போட்டோவில் நெற்றிக் குங்குமம் கரும்புள்ளியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊமைப்பட காலத்தில் பெரும்பாலும் பயன்பட்ட பிலிமுக்குச் சிவப்பு என்ற நிறமே தெரியாது, சிவப்பெல்லாம் கருப்பாக விழும். உதடு கருக்கும், சிவந்த கன்னம் அழுக்காகத் தெரியும், நீலக் கண்கள் வெளுத்துப்போகும். அதைச் சமாளிக்கத்தான் முகத்தில் அவ்வளவு பூச்சும் கண்ணைச் சுற்றி அவ்வளவு மையும். எல்லா நிறத்தையும் உணரும் பிலிம் பரவலாக வந்தது 1920-களின் பின்பகுதியில்தான்.

சுருக்கமாக: கேமரா தள்ளி நின்றபோது அசைவு பெரிதாக இருந்தது, நெருங்கியபோது சிறுத்தது. மிச்சமிருக்கும் விசித்திரத்தில் பெரும்பங்கு தவறான வேகத்துக்கும் சிவப்பு தெரியாத பிலிமுக்கும் சேரும்.

ஒரே முகம், இரண்டு பெண்கள்

1920 ஹென்னிக்குப் பொன்னான வருடம். எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்று 'கோல்ஹீஸல்ஸ் டோஷ்ட்டர்', அதாவது கோல்ஹீஸலின் மகள்கள். பவேரிய மலைக் கிராமத்து நகைச்சுவை. இளையவள் அழகி, எல்லாருக்கும் பிடித்தவள். மூத்தவள் முரட்டுப்பெண், யாரும் கிட்டே போக மாட்டார்கள். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகாமல் இளையவளைக் கொடுக்க மாட்டேன் என்கிறார் அப்பா. இரண்டு பெண்களும் ஹென்னிதான்.

இரட்டை வேடம் நமக்குப் புதிதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, குரலை மாற்றும் வசதி இல்லாமல் இரண்டு ஆட்களாவது எப்படி என்பது. இளையவளின் எடை குதிகாலில் நிற்காது, எப்போதும் நகரத் தயாராக இருக்கிற உடம்பு. மூத்தவள் தரையில் ஊன்றிய மாதிரி நடப்பாள், தோள் முன்னால் வரும், வாய் ஒரு பக்கம் இறுகும். முகம் ஒன்றே, ஆனால் தூரத்திலிருந்து நடையைப் பார்த்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். இதைத்தான் உடல்மொழி நடிப்பு என்கிறோம், கண்ணை உருட்டுவதோடு இதற்குச் சம்பந்தமே கிடையாது.

இன்னொன்று 'அன்னா போலேன்', இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றியால் தலை வெட்டப்பட்ட ராணியின் கதை. ஹென்றியாக எமில் யானிங்ஸ். பெர்லின் டெம்பெல்ஹோஃப் பகுதியில் பிரமாண்டமான செட்டுகள் போட்டார்கள், ஜெர்மன் ஜனாதிபதி ஃபிரீட்ரிஷ் எபர்ட்டே பார்க்க வந்தார். படம் 1921-இல் 'டிசெப்ஷன்' என்ற பெயரில் அமெரிக்காவில் ஓடியது. போரில் எதிரியாக இருந்த நாட்டில், மூன்று வருடத்துக்குள்! இடைத்தலைப்புகளை மட்டும் ஆங்கிலத்தில் மாற்றி ஒட்டினால் வேலை முடிந்தது. ஊமைப்பட நடிகைக்கு மொழி என்ற எல்லையே இல்லை.

பின்படிக்கட்டு

அடுத்த வருடம், 1921-இல், ஹென்னி தன் சொந்தத் தயாரிப்பில் 'ஹின்டர்ட்ரெப்பெ' என்ற படத்தைக் கொடுத்தார். பின்படிக்கட்டு என்று பொருள், வேலைக்காரர்கள் ஏறி இறங்கும் படிக்கட்டு. மேலே சொன்ன காமர்ஷ்பீல் படத்துக்கு இது நல்ல உதாரணம். இயக்கியவர்களில் ஒருவர் லியோபோல்ட் யெஸ்னர், பெர்லின் அரசு நாடக அரங்கின் தலைவர். மேடையில் படிக்கட்டுகளைப் பயன்படுத்துவதற்கென்றே பெயர் பெற்றவர். இன்னொருவர் பால் லேனி. கதை கார்ல் மேயர். தபால்காரனாக நடித்த ஃபிரிட்ஸ் கோர்ட்னர் யெஸ்னரின் மேடையில் புகழ் பெற்றவர். பெரிய நாடக அரங்கின் ஆட்களும், நாடக மேடையில் வளராத நட்சத்திரமும் ஒரே படத்தில்.

ஒரு வீட்டு வேலைக்காரி. அவளுடைய காதலன் ஊரை விட்டுப் போகிறான், கடிதம் போடுவதாகச் சொல்கிறான். கடிதம் வரவே இல்லை. முற்றத்துக்கு அப்பால் குடியிருக்கும், உடல் ஊனமுற்ற தபால்காரன் அவளை விரும்புகிறான், கடிதங்களை மறைத்துவிடுகிறான். அவள் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் தானே ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறான். ஒருநாள் காதலன் திரும்பி வருகிறான். முடிவு கொலையும் சாவும்.

இவ்வளவு கதையையும் விரல்விட்டு எண்ணக்கூடிய இடைத்தலைப்புகளோடு சொல்லிவிடுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது, எழுத்து வரவில்லையே என்பதுகூட எனக்குப் பாதிப் படம் போனபின்தான் உறைத்தது. ஹென்னி அதில் பாத்திரம் துடைக்கிறார், படி இறங்குகிறார், காத்திருக்கிறார். அலுப்பு முதுகில் தெரிகிறது. பொய்க் கடிதம் கையில் வந்த பிறகு அதே முதுகு நிமிர்ந்துவிடுகிறது, அதே வேலைகளை வேறு பெண்ணாகச் செய்கிறார். மிகை நடிப்பு என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு படத்தை, சரியான வேகத்தில், ஒருமுறை பார்த்தால் போதும் என்று தோன்றும்.

கலையாக உயர்ந்து நின்ற அந்தச் சொந்தத் தயாரிப்பு முயற்சி பணமாகத் திரும்பவில்லை. 1924-இல் கார்ல் ஃப்ரோலிஷ் என்ற இயக்குநரோடு சேர்ந்து புதிய நிறுவனம் தொடங்கினார். பத்தாண்டின் எஞ்சிய காலம் முழுவதும் வருடத்துக்குச் சில படங்கள் என்று போய்க்கொண்டிருந்தது.

பேச்சு வந்தபோது என்ன ஆனது

1929–30-இல் ஜெர்மனியில் பேசும்படம் வேரூன்றியது. 1906-இல் தடையாக இருந்த இரண்டும் இப்போது தீர்ந்திருந்தன: மின் ஒலிபெருக்கி வந்துவிட்டது, ஒலியையும் படம் நீளும் அளவுக்குப் பதிவு செய்ய முடிந்தது.

குரல் சரியில்லாததால் நடிகர்கள் வீழ்ந்தார்கள் என்று சொல்லும்போது குரலையும் மொழியையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். யானிங்ஸையே பாருங்கள். ஹாலிவுட் போய், முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகர் விருதை வாங்கியவர். பேசும்படம் வந்ததும் அவருடைய ஜெர்மன் உச்சரிப்பு ஆங்கிலப் படத்துக்கு ஒத்துவரவில்லை. ஊர் திரும்பி ஜெர்மன் மொழியில் நடித்தார், அதே குரலோடு மறுபடி வெற்றி பெற்றார். பேசும்படம் வந்ததில் போனது இடைத்தலைப்பு தந்த சுதந்திரம். இடைத்தலைப்பு அட்டையை மாற்றினால் எந்த நாட்டிலும் ஓடிய முகம், இப்போது ஒரு மொழிக்குள் அடைபட்டது.

ஹென்னி? 1930-இல் ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் இயக்கத்தில் பேசி நடித்தார். அதே வருடம் 'கோல்ஹீஸல்ஸ் டோஷ்ட்டர்' பேசும்படமாக மறுபடி எடுக்கப்பட்டது, பத்து வருடம் கழித்து அதே இரண்டு பெண்களும் ஹென்னியே. 1931-இல் பிரஷ்ய ராணி லூயிஸாவாக நடித்தார். அவர் சொந்தத் தயாரிப்பு அது, பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த காலம், நிறுவனம் திவாலானது. இதில் எங்கேயும் குரல் பிரச்சினையாக இல்லை.

நினைவில் வைக்க வேண்டியது: பேசும்படம் பலரைப் பாதித்தது உண்மை. மொழி, உச்சரிப்பு, வயது, பணம் என்று அதற்குக் காரணங்கள் பல. ஒற்றைக் காரணமாகக் குரலைச் சொன்னால் கதை சுவையாக இருக்கும், சரியாக இருக்காது.

1933-க்குப் பிறகு

ஹென்னி 1921-இல் வில்ஹெல்ம் ஃபான் கௌஃப்மன் என்ற மருத்துவரை இரண்டாவதாக மணந்திருந்தார். அவர் யூத வம்சாவளியினர். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் திரைப்பட சபை ஒன்றை அமைத்தார்கள், அதில் உறுப்பினராக இல்லாதவர் படத்தில் வேலை செய்ய முடியாது. யூதரை மணந்தவர்களுக்கு நெருக்கடி. கணவரை விவாகரத்து செய்தால் வழி திறக்கும். ஹென்னி செய்யவில்லை.

வருடத்துக்கு வரிசையாகப் படம் கொடுத்தவருக்கு அதன்பின் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வேடங்கள். 1941-இல் பாப்ஸ்ட்டின் படம் ஒன்றில் துணைப் பாத்திரம். 1944-இல் இரண்டு பாகமாக வந்த ஒரு குடும்பக் கதையில் முக்கிய வேடம். அதை இயக்கிய கார்ல் ஃப்ரோலிஷ் பழைய கூட்டாளி, 1939 முதல் அதே திரைப்பட சபையின் தலைவரும் அவர்தான். அந்த 1944-இல்தான் ஹென்னியின் வீடு குண்டுவீச்சில் அழிந்தது. கணவரும் அவரும் போரைத் தாண்டிப் பிழைத்தார்கள்.

போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் அவருக்கு வேலை அதிகம் கிடைக்கவில்லை. கிழக்கு ஜெர்மனியின் டெஃபா திரைப்பட நிறுவனம் அழைத்தது. 1954-இல் ஒரு சர்க்கஸ் முதலாளியம்மாவாக நடித்தார். 1955-இல், 65 வயதில், 'டாஸ் ஃப்ராய்லைன் ஃபான் ஸ்குடேரி' படத்தின் தலைப்புப் பாத்திரம்: பதினான்காம் லூயி காலத்துப் பாரிஸில், கொலைப்பழி சுமந்த ஓர் இளைஞனுக்காக அரசனிடம் போய் வாதாடும் மூதாட்டி. படத்தில் அந்த இளைஞனின் உயிரைக் காப்பாற்றுவது அவள் பேசும் பேச்சுதான். ஹென்னி 1960 அக்டோபர் 15 அன்று பெர்லினில் இறந்தார்.